பழைய குடும்பக் காரின் பின்புற சஸ்பென்ஷன் புஷ்கள்: தேய்வை அறிதலும் மாற்றுதலும்

பியர்பொன்ட்ஸ் பகுதியில் வாழும் குடும்பங்களுக்குக் கார் அன்றாடத் தேவையாகும். பிள்ளைகளைப் பாடசாலைக்கும், முதியோரை மருத்துவரிடமும், வார இறுதியில் டொலார்-டே-ஸோர்மோவிலுள்ள முருகன் கோவிலுக்கும் அழைத்துச் செல்லும் அந்தக் கார், பல வீடுகளில் பத்து ஆண்டுகளைக் கடந்ததாக இருக்கும். அத்தகைய காரில் எஞ்சினும் பிறேக்கும் கவனிக்கப்படும் அளவிற்குப் பின்சக்கரங்களைத் தாங்கும் சிறிய இறப்பர்ப் பாகங்கள் கவனிக்கப்படுவதில்லை.

கியூபெக் மாகாணத்தில் சாதாரண குடும்பக் காருக்கு ஆண்டுதோறும் கட்டாய இயந்திரப் பரிசோதனை கிடையாது. வேறு மாகாணத்திலிருந்து கொண்டுவந்து பதியப்படும் கார், பெரும் விபத்தின்பின் மீளக் கட்டப்பட்ட கார் போன்றவற்றிற்கும், பொலிசார் பணிக்கும்போதும் மட்டுமே பரிசோதனை கட்டாயமாகிறது. ஆதலால் பல ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருக்கும் காரின் அடிப்பகுதியை உரிமையாளர் பார்க்காவிடின், வேறெவரும் பார்க்கப் போவதில்லை. இப்பாடம் அவ்வாறு பார்க்க வேண்டியவற்றுள் ஒன்றை விளக்குகிறது.

புஷ் என்பது யாது?

காரின் சக்கரம் உடற்சட்டத்துடன் நேரடியாக இணைக்கப்படுவதில்லை. இடையில் உருக்குக் கைகளோ உருக்கு அச்சோ உண்டு. அந்தக் கை உடற்சட்டத்தைப் பற்றும் இடத்தில் அமைந்திருப்பதே புஷ். வெளியே ஓர் உருக்குக் குழாய், உள்ளே அதனினும் சிறிய மற்றோர் உருக்குக் குழாய், இரண்டிற்கும் இடையே அவற்றோடு ஒட்டப்பட்ட இறப்பர் என்பதே அதன் பொதுவான அமைப்பு.

உட்குழாயினூடாகச் செல்லும் போல்ட் இறுக்கப்பட்டதும், உட்குழாய் உடற்சட்டத்துடன் அசையாமல் பிணைக்கப்படுகிறது. வெளிக்குழாய் கையுடன் சேர்ந்து அசைகிறது. சக்கரம் மேலும் கீழும் செல்லும்போது எந்தப் பகுதியும் வழுக்குவதில்லை. நடுவிலுள்ள இறப்பர் முறுகிப் பின் தன் நிலைக்கு மீள்கிறது. கதவின் பிணைச்சல் சுழல்வதைப் போன்றதன்று இது. ஆகவே புஷ்ஷிற்கு எண்ணெயோ கிறீஸோ தேவையில்லை. முறுகி மீள்வதே புஷ்ஷின் தொழில் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மாற்றும் வேலையின் மிக முக்கியமான படி இதிலிருந்தே பிறக்கிறது.

இத்தொழிலுக்கு இயற்கை இறப்பர் மிகவும் பொருத்தமானது. இலட்சக்கணக்கான தடவைகள் முறுகினாலும் எளிதில் கிழியாத தன்மை அதற்குண்டு. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து கியூ தாவரவியற் பூங்கா வழியாக வந்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டதிலிருந்து, ஆசியாவின் இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களை அறிந்தோருக்கு இப்பொருள் புதியதன்று.

காரின் வகைக்கேற்பப் புஷ்களின் எண்ணிக்கை மாறும். ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜில் 1988 முதல் தயாரிக்கப்பட்டுவந்த டொயோட்டா கொரோலாவின் 2003–2008 தலைமுறையில், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுக்கு அச்சு உண்டு. அதன் முன்முனைகளில் பக்கத்திற்கொன்றாக இரண்டு பெரிய புஷ்கள் அமைந்துள்ளன. 2006–2011 தலைமுறை ஹொண்டா சிவிக்கில் ஒவ்வொரு பின்சக்கரமும் பல தனிக் கைகளால் தாங்கப்படுகிறது. ஆதலால் புஷ்களும் பலவாகும்.

மொன்றியலின் குளிரும் உப்பும்

புஷ் எங்கும் தேயும்; எனினும் இந்நகரில் அதன் தேய்வை விரைவுபடுத்தும் காரணங்கள் நான்கு உண்டு.

முதலாவது, குழிகள். தெருவின் வெடிப்புகளில் இறங்கிய நீர் உறைந்து விரிவதும் மீண்டும் உருகுவதுமாகப் பல தடவைகள் நிகழ, வசந்தகாலத்தில் தார் பெயர்ந்து குழிகள் தோன்றுகின்றன. பிரெஞ்சு மொழியில் இக்குழிக்குக் கோழிக்கூடு என்னும் பொருளில் ‘நீ-து-பூல்’ என்று பெயர். சக்கரம் குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சியின் ஒரு பங்கை புஷ் ஏற்கிறது. ஆபத்தான குழிகளை 311 என்னும் மாநகரத் தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம்.

இரண்டாவது, உப்பு. தெருவிலிடப்படும் உப்பு இறப்பரைவிட அதைச் சுற்றியுள்ள உருக்கையே அதிகம் தாக்குகிறது. போல்ட் உட்குழாயுடன் துருவால் ஒட்டிக்கொள்கிறது. வெளிக்குழாய் அச்சின் துளைக்குள் இறுகிப்போகிறது. உப்பில்லாத நாட்டில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இங்கு அரை நாளாவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, குளிர். வெப்பநிலை −20 பாகையை அண்மிக்கும்போது இறப்பர் கடினமாகிறது. உறைகுளிர் காலையில் கேட்டுப் பின்னர் மறையும் கிறீச்சொலி மட்டும் பழுதிற்குச் சான்றாகாது. எல்லாக் காலநிலையிலும் தொடரும் ‘டொக்’ என்ற ஒலியே கவனத்திற்குரியது.

நான்காவது, எண்ணெய். துருவைத் தடுக்க இலையுதிர்காலத்தில் காரின் அடிப்பகுதியில் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் கியூபெக்கில் பரவலாக உண்டு. அது உடற்சட்டத்திற்கு நன்மை தரும். ஆயினும் பெற்றோலிய எண்ணெய் இயற்கை இறப்பரை வீங்கச்செய்து மென்மையாக்கும் தன்மையுடையது. எனவே புஷ்களின் மீது நேரடியாகத் தெளிக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்வது நன்று.

தேய்வின் அறிகுறிகள்

1. வேகத்தடை, குழி, தண்டவாளம் ஆகியவற்றைக் கடக்கும்போது பின்புறத்தில் ‘டொக்’ என்ற மந்தமான ஒலி.

2. நெடுஞ்சாலையில் ஒழுங்கை மாறும்போதோ பலத்த காற்றிலோ, காரின் பின்பகுதி சற்றுத் தாமதித்துப் பின்தொடர்வது போன்ற உணர்வு.

3. பிறேக் அழுத்தும்போது கார் ஒரு பக்கம் இழுபடுதல்.

4. பின் டயரின் உட்புற விளிம்பு மட்டும் விரைவில் தேய்தல்; கையால் தடவும்போது இரம்பப் பற்கள் போல் உணர்தல்.

நான்காவது அறிகுறியின் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். தளர்ந்த புஷ்ஷினால் பின்சக்கரம் நேராக நோக்க வேண்டிய திசையிலிருந்து 1 பாகை விலகினால், கார் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் டயர் ஏறத்தாழ 17 மீற்றர் தூரம் பக்கவாட்டில் உரசப்படுகிறது. விலகல் 0.2 பாகையே ஆனாலும் உரசல் கிலோமீற்றருக்கு 3.5 மீற்றர். ஆண்டிற்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் காரில் அது 52 கிலோமீற்றர் ஆகும். டயரைத் தேய்க்கும் அதே விலகல், பனி படர்ந்த வளைவில் பின்சக்கரத்தின் பிடிமானத்தையும் குறைக்கிறது. பின்சக்கரம் பிடி இழந்தால் காரின் பின்பகுதி வெளியே சுழலும். முன்சக்கரம் வழுக்குவதைவிட இதைச் சமாளிப்பது கடினம்.

இவ்வொலிகள் எல்லாம் புஷ்ஷிலிருந்தே வருவன என்று கொள்ளலாகாது. ஷொக் அப்சோர்பரின் மேற்பிடி, புகைபோக்கிக் குழாயைத் தாங்கும் இறப்பர், தளர்ந்த பிறேக் கட்டை, பின்பெட்டியிலுள்ள ஜக் ஆகியனவும் இதையொத்த ஒலியை எழுப்பும். முதலில் பின்பெட்டியை முற்றாக வெறுமையாக்கி ஓட்டிப் பார்த்தல் செலவற்ற பரிசோதனையாகும்.

பரிசோதிக்கும் காலமும் முறையும்

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஆகவே பெரும்பாலான கார்கள் ஆண்டிற்கு இருமுறை உயர்த்தப்பட்டுச் சக்கரங்கள் கழற்றப்படுகின்றன. பின்புற புஷ்களைப் பார்ப்பதற்கு இதைவிட ஏற்ற தருணம் இல்லை. டயர் மாற்றுபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

முதலில் கண்ணாற் பார்த்தல் வேண்டும். இறப்பரின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் முதுமையின் அடையாளமே. அவற்றிற்காக உடனே மாற்றத் தேவையில்லை. ஆழமான கிழிசல், உருக்கிலிருந்து இறப்பர் பிரிந்திருத்தல், உட்குழாய் நடுவிலிருந்து விலகியிருத்தல் ஆகியன மாற்ற வேண்டியதன் சான்றுகளாகும். சில புஷ்களில் வார்ப்பின்போதே இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். அவற்றைக் கிழிசலென மயங்காதிருக்க, இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, நெம்புகோலை அச்சிற்கும் உடற்சட்டப் பிடிக்கும் இடையே வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். சிறிதளவு அசைந்து, விட்டதும் மீண்டால் புஷ் நலமாக உள்ளது. தடையின்றி நகர்ந்து உருக்கில் மோதினால் புஷ் தன் தொழிலை இழந்துவிட்டது.

மாற்றுமுன் முடிவு செய்ய வேண்டியவை

பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது புஷ் அன்று; அது பொருத்தப்படும் இடமே. உடற்சட்டப் பிடியையும் அச்சையும் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்க்க, திடமான உருக்கு தெளிவாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்தாலோ, துருத் தகடுகள் உதிர்ந்தாலோ, அங்கு புதிய புஷ்ஷைப் பொருத்துவது வீண் செலவாகும். அத்தகைய காரைத் தகுதிவாய்ந்த ஒருவர் பார்வையிட்ட பின்னரே மேற்கொண்டு பணம் செலவிட வேண்டும்.

பல தனிக் கைகளையுடைய காரில், புஷ்ஷை மட்டும் மாற்றுவதைவிடப் புதிய புஷ்களுடன் வரும் முழுக் கையையும் மாற்றுவது சில வேளைகளில் மலிவாக அமையும். அழுத்திப் பொருத்தும் கூலி மிஞ்சுகிறது. முறுக்கு அச்சுள்ள காரில் அச்சு விலை மிக்கதாதலால் புஷ்ஷை மட்டும் மாற்றுவதே வழக்கம்.

கடினமான பொலியூரிதேன் புஷ்களும் கடைகளில் கிடைக்கும். அவை நெடுங்காலம் உழைப்பினும் தெருவின் அதிர்வையும் ஒலியையும் காருக்குள் கடத்தும். குடும்பக் காருக்கு இறப்பரே ஏற்றது. ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறு பக்கம் தளர்வாகவும் இருப்பின் கார் நேராகச் செல்லாது.

மாற்றும் வேலை: முறுக்கு அச்சுள்ள கார்

கீழ்க்காணும் படிகள் வேலையின் ஒழுங்கை விளக்குவன. ஒவ்வொரு காருக்குமுரிய அளவுகளைத் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கைநூலிலிருந்தே பெற வேண்டும். தகுந்த கருவிகளும் முன்பயிற்சியும் இல்லாதோர் இவ்வேலையைக் கராஜிடம் ஒப்படைத்து, அது எவ்வாறு செய்யப்பட வேண்டுமென அறிந்திருந்தாலே போதும்.

1. முதல் நாளே போல்ட்களின் மரைகளில் துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு இட வேண்டும். மாற்றப்படாத வேறு இறப்பர்ப் பாகங்களில் அது படக் கூடாது.

2. சமதளமான கொங்கிரீட் தரையில் காரை நிறுத்தி, அது தன் எடையில் நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

3. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் தடைக்கட்டை வைக்க வேண்டும். கைப்பிறேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிப்பதால், பின்புறம் உயர்ந்ததும் அதனாற் பயனில்லை. காரை உயர்த்தி, கைநூல் குறிக்கும் இடங்களில் உறுதியான ஸ்டாண்ட்களின் மீது இறக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் செல்லலாகாது.

4. சக்கரங்களைக் கழற்றியபின், பிறேக் குழாய், கைப்பிறேக் கம்பி, சக்கர வேக உணரியின் வயர் ஆகியவற்றின் பிடிகளை விடுவிக்க வேண்டும். அச்சு கீழிறங்கும்போது அவை இழுபடலாகாது.

5. அச்சை ஜக்கினால் தாங்கிக்கொண்டு முன்முனைப் போல்ட்களைக் கழற்றி மெதுவாகக் கீழிறக்க வேண்டும். சில கார்களில் சுருள்வில் தளர்ந்து விழக்கூடும். ஆகவே அவசரம் கூடாது.

6. பழைய புஷ்ஷின் இடைவெளிகள் எத்திசையை நோக்குகின்றன என்பதை அச்சின்மீது வண்ணத்தாற் குறிக்க வேண்டும். புதியது அதே திசையில் அமையாவிடின், முன்பின் மெதுமையும் பக்கவாட்டு உறுதியும் இடம் மாறிவிடும்.

7. திருகுக் கருவியால் பழைய புஷ்ஷை இழுத்தெடுக்க வேண்டும். தீயினால் எரித்து எடுப்பது நச்சுப்புகையை எழுப்பும். அருகிலுள்ள பிறேக் குழாயையும் எரிபொருட் குழாயையும் ஆபத்துக்குள்ளாக்கும். பின்னர் துளையைக் கம்பித் தூரிகையாற் துப்புரவாக்க வேண்டும்.

8. புதிய புஷ்ஷைச் சவர்க்கார நீரால் நனைத்துச் சரிவின்றி நேராக அழுத்த வேண்டும். அழுத்தம் வெளிக்குழாயின்மீதே விழ வேண்டும். உட்குழாயை அழுத்தினால் இறப்பர் பொருத்தும்போதே கிழியும்.

9. அச்சை உயர்த்திப் போல்ட்களைக் கையாற் பூட்ட வேண்டும். இந்நிலையில் இறுக்கக் கூடாது.

10. அச்சை ஜக்கினால் உயர்த்தி, இரண்டாம் படியில் எழுதிய உயரத்திற்குக் கொண்டுவந்த பின்னரே போல்ட்களை டோர்க் ரெஞ்சினால் உரிய அளவிற்கு இறுக்க வேண்டும். உயர்த்தும்போது கார் ஸ்டாண்ட்களிலிருந்து எழும்பாதிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

11. கழற்றிய பிடிகள் யாவற்றையும் மீண்டும் பூட்டி, சக்கரங்களைப் பொருத்த வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் சக்கர நட்களை மீண்டும் சரிபார்த்து, நான்கு சக்கரங்களுக்கும் வீல் அலைன்மென்ட் அளவிடச் செய்ய வேண்டும்.

பத்தாம் படியே இப்பாடத்தின் மையமாகும். கார் உயர்ந்து, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், உட்குழாய் அந்நிலையிலேயே பிணைக்கப்படும். கார் தரையில் இறங்கியதும் இறப்பர் முறுகிய நிலைக்குச் செல்லும். கார் நின்றுகொண்டிருக்கும்போதும் அது ஓய்வு பெறாது. குழியொன்றில் விழுந்தால் ஏற்கெனவே முறுகியது மேலும் முறுகும். நல்ல தரமான புஷ்கூட இவ்வாறு குறுகிய காலத்திற் கிழிந்துவிடும். ‘மாற்றியும் பயனில்லை’ என்று பாகத்தைக் குறைகூறுமுன், அது எந்நிலையில் இறுக்கப்பட்டது என்பதை ஆராய வேண்டும்.

கராஜிடம் ஒப்படைக்கும்போது உரிமைகள்

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கார் திருத்தத்திற்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளது.

100 டொலருக்கு மேற்பட்ட திருத்தத்திற்கு, வேலை தொடங்குமுன் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கராஜ் வழங்க வேண்டும். செய்யப்படும் வேலை, மொத்த விலை, பொருத்தப்படும் பாகம் புதியதா பழையதா புதுப்பிக்கப்பட்டதா என்னும் விபரம், மதிப்பீடு செல்லுபடியாகும் காலம் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். மதிப்பீடு வேண்டாமென விட்டுக்கொடுப்பதாயின், வாடிக்கையாளர் அதனை முழுவதும் தம் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

மதிப்பீட்டை மீறிய மேலதிக வேலைக்கு வாடிக்கையாளரின் சம்மதம் தேவை. துருப்பிடித்த போல்ட்டை வெட்டி எடுக்க நேர்வது இங்கு பொதுவாதலால், அதற்கான செலவை முதலிலேயே கேட்டறிதல் நன்று.

கழற்றப்பட்ட பழைய பாகம் வேண்டுமாயின், திருத்தத்தை ஒப்படைக்கும்போதே கேட்க வேண்டும். பழைய புஷ்ஷைக் கையிற் பார்த்தால் அதன் கிழிசலைத் தாமே கண்டறியலாம்.

செய்த திருத்தத்திற்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. பாகங்களும் கூலியும் இதில் அடங்கும். ஆகவே விபரமான பற்றுச்சீட்டைப் பேணிவைக்க வேண்டும். பிணக்கு ஏற்படின் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் ஆலோசனையை நாடலாம். 15,000 டொலர் வரையான கோரிக்கைகளைச் சட்டத்தரணியின்றியே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் முன்வைக்கலாம்.

கராஜிற் பயன்படும் பிரெஞ்சுச் சொற்கள்

கூசினே: புஷ்.
சுஸ்பான்சியோன் அரியேர்: பின்புற சஸ்பென்ஷன்.
அலீஞ்மோன்: வீல் அலைன்மென்ட்.
எவலுவாசியோன் ஏக்ரித்: எழுத்து மூலமான மதிப்பீடு.
ஃபக்தியூர்: பற்றுச்சீட்டு.

மீட்டல்

வினா: புஷ்ஷிற்குக் கிறீஸ் இடலாமா?
விடை: இடலாகாது. இறப்பர் முறுகியே தொழிற்படுகிறது, வழுக்குவதில்லை. கிறீஸிலுள்ள பெற்றோலிய எண்ணெய் இயற்கை இறப்பரைக் கெடுக்கும்.

வினா: கடுங்குளிரில் மட்டும் கிறீச்சொலி கேட்டால் உடனே மாற்ற வேண்டுமா?
விடை: வேண்டியதில்லை. அடுத்த டயர் மாற்றத்தின்போது பார்வையிட்டால் போதும். ‘டொக்’ ஒலியோ டயர்த் தேய்வோ இருப்பின் தாமதிக்கலாகாது.

வினா: திருத்தத்தை ஒப்படைக்கும்போது கராஜிடம் கேட்க வேண்டிய தொழில்நுட்பக் கேள்வி எது?
விடை: கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்தா போல்ட்கள் இறுக்கப்படும் என்பதே. ஆம் என்று சொல்லி அதற்கான காரணத்தையும் விளக்குபவரிடம் காரை நம்பிக்கையுடன் ஒப்படைக்கலாம்.